வரைபவர் எழுதும்போது

ஓவியர், சிற்பி, வடிவமைப்பாளர் ஆகியோரின் வேலைநாளில் கணிசமான நேரம் எழுதுவதில் போகிறது. கண்காட்சிக்கான விண்ணப்பம், படைப்பைப் பற்றிய குறிப்பு, சுவரில் ஒட்டும் லேபிள், விலைப்பட்டியல், நல்கைக் கோரிக்கை, கிளையன்ட்டுக்கு அனுப்பும் மின்னஞ்சல், ஒரு லோகோ ஏன் அப்படி அமைந்தது என்ற விளக்கம், செயலியின் பொத்தானில் வரும் ஒற்றைச் சொல் என்று பட்டியல் நீளும். படம் தானே பேசும், வரைந்தவர் பேச வேண்டியதில்லை என்ற எண்ணம் கலையுலகில் நெடுநாளாக உண்டு. ஆனால் தேர்வுக் குழுவின் மேசைக்குப் படம் வருவதில்லை. அதன் புகைப்படமும் ஒரு பக்க எழுத்தும்தான் வருகின்றன. அந்த ஒரு பக்கம் குழப்பமாக இருந்தால், படத்தை நேரில் காட்டும் வாய்ப்பே கிடைக்காமல் போகலாம்.

இந்த எழுத்துக்கு இலக்கிய நடை வேண்டியதில்லை. கண்ணால் கண்டதைப் பெயர் சொல்லிக் குறிக்கும் பழக்கம் வேண்டும். படிப்பவர் அதை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறார் என்ற தெளிவு வேண்டும். இவற்றில் முதலாவது, வரையத் தெரிந்தவரிடம் பாதிக்கு மேல் ஏற்கெனவே இருக்கிறது. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, மூங்கிலின் பச்சை எந்த இடத்தில் மஞ்சளாகிறது என்று பார்த்துப் பழகிய கண், அதே நிதானத்தோடு சொல்லையும் தேர்ந்தெடுக்க முடியும். எழுத வராது என்று சொல்லும் கலைஞர்கள் பலர் தடுமாறுவது மொழியறிவுக் குறைவால் அன்று. எழுத உட்கார்ந்ததும் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பெரிய சொற்களைத் தேடப் போய்விடுவதால்தான்.

குறிப்பேட்டிலிருந்து தொடக்கம்

கலைஞரின் எழுத்துக்கு அடித்தளம் அவரது குறிப்பேடு. லியொனார்டோ டாவின்சி எழுதி வைத்தவற்றில் ஏறத்தாழ 7,000 பக்கங்கள் இன்றும் இருக்கின்றன. கண்ணாடியில் பார்த்தால் படிக்கக்கூடிய வகையில், வலமிருந்து இடமாக எழுதினார். நீரின் சுழல், பறவையின் சிறகு, மனித உடலின் தசைநார் என எதை வரைந்தாலும் பக்கத்திலேயே சொற்களும் ஓடும். படம் காட்ட முடியாததைச் சொல்லும், சொல் காட்ட முடியாததைப் படமும் பார்த்துக்கொண்டன. தச்சர் பட்டறையின் கணக்கு நோட்டைப் போல, முடித்த வேலைகளோடு அடுத்துச் செய்ய வேண்டியவையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவையும் அவற்றில் கலந்து கிடக்கின்றன.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. ரவிவர்மாவின் தம்பி சி. ராஜராஜவர்மா தானும் ஓவியர். அண்ணனுடன் சேர்ந்து வேலை செய்தவர். 1905-இல் காலமான அவர், தம் கடைசிப் பத்தாண்டுகளில் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதி வந்தார். எந்த ஊருக்குப் போனார்கள், உருவப்படத்துக்கு யார் அமர்ந்தார்கள், எந்த வேலை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்ற அன்றாடச் செய்திகள் அதில் இருக்கின்றன. ரவிவர்மாவின் பட்டறை எப்படி நடந்தது என்பதை அறிய விரும்பும் ஆய்வாளர்களுக்கு இன்று அது முதன்மையான ஆவணம். எழுதும்போது அது வெறும் அன்றாடக் கணக்கு.

குறிப்பேட்டில் எதை எழுதலாம் என்பதற்கு விதி இல்லை. ஆனாலும் சில தகவல்கள் பிறகு நிச்சயமாகக் கைகொடுக்கும். தேதி, இடம், வெளிச்சம், பயன்படுத்திய வண்ணங்களின் பெயர், காகிதத்தின் வகை, கலவையின் விகிதம், சரிவராமல் போனது எது, ஏன் என்பவை அவை. ஆறு மாதம் கழித்து ஒரு கேட்லாக்குக்குக் குறிப்பு எழுத வேண்டி வரும்போது, நினைவை மட்டும் நம்பி எழுதுபவர் பொதுப்படையாகப் பேசுவார். குறிப்பேடு வைத்திருப்பவரால் திட்டவட்டமாகச் சொல்ல முடியும்.

கண்டதைச் சொல்வது

வின்சென்ட் வான்கோ எழுதிய கடிதங்களில் 800-க்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை தம்பி தியோவுக்கு எழுதியவை. அவற்றில் 1888 அக்டோபர் நடுவில், தென்பிரான்சின் ஆர்ல் நகரிலிருந்து எழுதிய ஒன்று, படத்தைச் சொல்லால் விவரிப்பது எப்படி என்பதற்குப் பாடமாக வைக்கத்தக்கது. தன் படுக்கையறையை வரைந்துகொண்டிருந்த வான்கோ, அந்தப் படத்தைத் தம்பிக்கு விளக்குகிறார். சுவர்கள் வெளிர் ஊதா. தரை சிவப்பு ஓடு. கட்டிலும் நாற்காலிகளும் புதிய வெண்ணெயின் மஞ்சள். விரிப்பும் தலையணைகளும் எலுமிச்சைப் பச்சை, போர்வை பளிச்சென்ற சிவப்பு, ஜன்னல் பச்சை, முகம் கழுவும் மேசை ஆரஞ்சு, அதன் மேலிருக்கும் கிண்ணம் நீலம். இப்படி ஒவ்வொரு பொருளாக நிறத்தைச் சொல்லிக்கொண்டே போகிறார். நிழல்களை விட்டுவிட்டு, ஜப்பானிய அச்சுப் படங்களில் இருப்பதுபோல் தட்டையான வண்ணங்களை மட்டும் இட்டிருப்பதாகவும், பார்ப்பவர் மனத்துக்கு ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

அந்த விவரிப்பில் மூன்று செய்திகள் வரிசையாக வருகின்றன. படத்தில் என்ன இருக்கிறது, அதை எப்படிச் செய்தார், எதற்காகச் செய்தார். தன் படம் ஆழமானது என்றோ உணர்ச்சிமிக்கது என்றோ அவர் சொல்லவில்லை. பொருளும் நிறமும் செய்முறையும் முன்னால் வந்துவிட்டதால், நோக்கத்தை ஒரே வரியில் சொன்னாலும் அது நம்பும்படி இருக்கிறது.

இந்தக் கடிதத்தால் விளைந்த பயன் வான்கோ எதிர்பாராதது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள அந்த ஓவியத்தின் சுவர்கள் இன்று நீலமாகத் தெரிகின்றன. வெளிர் ஊதாவை உண்டாக்கக் கலந்திருந்த சிவப்பு நிறமி காலப்போக்கில் வெளுத்துப்போனதை அருங்காட்சியக ஆய்வுகள் காட்டின. சாயம் போன பிறகும் சுவரின் உண்மையான நிறம் கடிதத்தில் மாறாமல் இருந்தது; ஆய்வு முடிவை ஒப்பிட்டுப் பார்க்க அதுவே துணையாயிற்று.

ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட்

கண்காட்சிக்கோ விருதுக்கோ விண்ணப்பிக்கும்போது தவறாமல் கேட்கப்படுவது ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட். கலைஞர் தன் வேலையைப் பற்றித் தானே தரும் விளக்கம் அது. பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். வாழ்க்கைக் குறிப்பு வேறு, இது வேறு. எங்கே படித்தார், எங்கே கண்காட்சி வைத்தார் என்பவை வாழ்க்கைக் குறிப்பில் படர்க்கையில் வரும். ஸ்டேட்மென்ட்டைத் தன்மையில், ‘நான்’ என்றே எழுதலாம். என்ன செய்கிறேன், எதைக் கொண்டு செய்கிறேன், எந்தக் கேள்வி என்னைத் தொடர்ந்து வேலை செய்ய வைக்கிறது என்பவற்றுக்கு அதில் பதில் இருந்தால் போதும்.

தூத்துக்குடி உப்பளங்களை வரையும் ஓர் ஓவியரை எடுத்துக்கொள்வோம். அவரது ஸ்டேட்மென்ட் இப்படி அமையலாம்: ‘என் படைப்புகள் இருப்புக்கும் இன்மைக்கும் இடையிலான வெளியைக் கேள்விக்கு உட்படுத்தி, உழைப்பு, நினைவு, அடையாளம் ஆகியவற்றின் உரையாடலை முன்வைக்கின்றன.’ இந்த வாக்கியத்தை நெசவாளர்களை வரைபவரும் சொல்லலாம். பழைய வீடுகளைப் படம் பிடிப்பவரும் சொல்லலாம். படத்தில் என்ன இருக்கிறது என்பது இதைப் படிப்பவருக்குத் தெரியாது.

அதே வேலையை வேறு விதமாகவும் சொல்லலாம்: ‘தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்பவர்களைக் கரியால், வெள்ளைக் காகிதத்தில் வரைகிறேன். உச்சிவெயிலில் உப்புக் குவியல் கண்ணைக் கூசச் செய்யும்போது, பக்கத்தில் நிற்பவரின் உடல் விளிம்பு தெரியாமல் போய்விடும். அந்த விளிம்புக் கோட்டைப் போடாமல், பாத்தியில் விழும் நிழலை மட்டும் வைத்து ஓர் ஆளைக் காட்ட முடியுமா என்று இந்த வரிசையில் முயல்கிறேன். படத்தின் பெரும்பகுதி வெறும் காகிதமாகவே இருக்கிறது. நாளெல்லாம் அவர்கள் கண் பார்ப்பதும் அந்த வெண்மையைத்தான்.’

இரண்டாவதில் இடம், பொருள், செய்முறை, கேள்வி எல்லாம் இருக்கின்றன. உழைப்பு, இன்மை என்ற சொற்கள் வரவில்லை. இருந்தாலும் அந்த எண்ணங்கள் படிப்பவர் மனத்தில் தாமாகவே எழும். தேர்வுக் குழுவில் இருப்பவர் நூறு விண்ணப்பங்களைப் படித்துக் களைத்திருப்பார். அவருக்கு நினைவில் நிற்கப்போவது விளிம்புக் கோடு இல்லாத அந்த ஆள்தான்.

ஒரே ஸ்டேட்மென்ட்டை எல்லா இடத்துக்கும் அனுப்புவதும் பயன் தராது. நீண்ட வடிவம் ஒன்றும், ஒரு பத்தியில் ஒன்றும், இரண்டு வாக்கியத்தில் ஒன்றுமாகக் கையில் வைத்துக்கொண்டு, புதிய வேலைக்கு ஏற்ப அவற்றை அவ்வப்போது மாற்றி எழுதுவது நடைமுறைக்கு ஏற்றது.

மூட்டமான சொற்கள்

கலையைப் பற்றிய எழுத்து புரியாமல் இருப்பது ஒரு நாட்டின் சிக்கல் மட்டும் அன்று. அலிக்ஸ் ரூல், டேவிட் லெவின் என்ற இருவர் 2012-இல் அமெரிக்காவின் ‘ட்ரிபிள் கனோபி’ இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ‘ஈ-ஃப்ளக்ஸ்’ என்ற கலை அறிவிப்புச் சேவை வழியாக உலகெங்கும் அனுப்பப்பட்ட கண்காட்சி அறிவிப்புகளைத் திரட்டி, கணினி உதவியுடன் அவற்றின் மொழியை ஆராய்ந்தார்கள். வினைச்சொற்களும் பண்புச்சொற்களும் பெயர்ச்சொற்களாக மாற்றப்படுவது, எதிரெதிர்ச் சொற்கள் இணையாக வருவது, ‘ஸ்பேஸ்’ (வெளி) என்ற சொல் எதற்கெடுத்தாலும் வந்து நிற்பது ஆகியவற்றை அந்த மொழியின் அடையாளங்களாகக் காட்டினார்கள். பிரெஞ்சுச் சிந்தனையாளர்களின் எழுத்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்ட விதத்திலிருந்து இந்த நடை பரவியது என்பது அவர்கள் வாதம். கட்டுரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

தமிழிலும் இந்த மூட்டம் உண்டு. வெளி, உரையாடல், கட்டுடைப்பு, இருத்தல், பிரதி, நீட்சி போன்றவை தத்துவத்திலும் இலக்கிய விமர்சனத்திலும் திட்டமான பொருளோடு வந்தவை. அந்தப் பொருள் தெரிந்து, அதற்காகவே ஒருவர் அவற்றைப் பயன்படுத்தினால் குறை இல்லை. எழுதியவரிடமே ‘இந்த வரிக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டால், அவர் வேறு எளிய சொற்களில் சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்ல வந்தால், அந்த எளிய சொற்களையே எழுதிவிடலாம். சொல்ல வராவிட்டால், அந்த வரியை எடுத்துவிடலாம்.

தொழிற்சொற்கள் வேறு வகை. இழைப்பு, வார்ப்பு, எட்சிங், லித்தோகிராஃப், கெர்னிங் போன்றவை செய்முறையைத் துல்லியமாகக் குறிக்கின்றன. அவற்றைத் தவிர்க்க வேண்டியதில்லை. பொது வாசகருக்கு எழுதும்போது, முதல் முறை வரும் இடத்தில் ஒரு சிறு விளக்கம் சேர்த்தால் போதும்.

சுவரில் ஒட்டும் லேபிள்

மிகக் குறைந்த இடத்தில் அதிக வேலை செய்யும் எழுத்து லேபிள். கலைஞர் பெயர், படைப்பின் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு என்ற வரிசை பொதுவாகப் பின்பற்றப்படுகிறது. அளவில் உயரத்தை முதலிலும் அகலத்தைப் பிறகும் தருவது ஓவியங்களுக்கு உரிய வழக்கம். ‘கலப்பு ஊடகம்’ என்று மட்டும் எழுதுவதைவிட, ‘பருத்தித் துணியில் அக்ரிலிக், செம்மண், தேயிலைச் சாயம்’ என்று எழுதுவது பார்ப்பவரைப் படத்தின் அருகே இழுக்கும்.

விளக்கக் குறிப்பும் சேரும்போது எழுத்தின் நீளம் சிக்கலாகிறது. நின்றுகொண்டு படிப்பவர், கூட்டத்தில் தள்ளப்படுபவர், குழந்தையைக் கையில் பிடித்திருப்பவர் ஆகியோருக்கான எழுத்து இது. லண்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் இதற்காகப் பத்து அம்சங்கள் கொண்ட வழிகாட்டி ஒன்றை வைத்திருக்கிறது. ஒரு பொருளுக்கான லேபிள் சுமார் 60 சொற்களுக்குள் நிற்க வேண்டும், பொருளைப் பார்க்க வைக்க வேண்டும், நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே ஒப்புக்கொள்ள வேண்டும், பேசுவது போல் எழுத வேண்டும் என்பவை அதன் கருத்துகள். ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் எளிய நடைக்குத் தந்த ஆறு விதிகளை நினைவில் கொள்ளும்படியும் அது சொல்கிறது.

நல்ல லேபிள், சுவரை விட்டுப் பொருளுக்குக் கண்ணைத் திருப்பும். ஒரு நடராசர் செப்புத் திருமேனிக்கு ‘சோழர் கலையின் ஒப்பற்ற உச்சம்’ என்று எழுதினால், பார்ப்பவர் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ‘வலக் கால் முயலகன் மேல் ஊன்றி நிற்க, இடக் கால் குறுக்கே தூக்கியிருக்கிறது. முழு எடையும் அந்த ஒரு காலில். மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசிச் சூடாக்கி, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றினார்கள். அச்சை உடைத்தே திருமேனியை வெளியே எடுப்பதால், ஒவ்வொன்றும் தனி ஒன்றுதான்’ என்று எழுதினால், அவர் காலைப் பார்ப்பார், பிறகு கையைப் பார்ப்பார், உலோகம் எப்படி உள்ளே போயிருக்கும் என்று யோசிப்பார்.

விண்ணப்பம்: படிப்பவரின் தேவை முன்னால்

1482 வாக்கில், முப்பது வயதை ஒட்டியிருந்த லியொனார்டோ, மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். அதன் வரைவு இன்றும் இருக்கிறது. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், அகழி நீரை வடிக்கும் முறை, கோட்டையைத் தகர்க்கும் வழிகள், பீரங்கிகள், சுரங்கப் பாதைகள், கவசம் போட்ட வண்டிகள் என்று தன்னால் செய்யக்கூடியவற்றை எண்ணிட்டு அடுக்குகிறார். அமைதிக் காலத்தில் கட்டடமும் நீர்வழியும் அமைப்பேன் என்பது பத்தாவதாக வருகிறது. சிற்பமும் ஓவியமும் தெரியும் என்பது அதற்கும் பிறகு. ஸ்ஃபோர்சாவின் தந்தைக்கு வெண்கலக் குதிரைச் சிலை செய்து தர முடியும் என்பதையும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்.

மிலான் அப்போது போர்ச் சூழலில் இருந்தது. ஆட்சியாளருக்கு வேண்டியது எது என்று தெரிந்து, அதை முதலில் வைத்தார் லியொனார்டோ. பின்னாளில் அதே நகரில், அதே ஆட்சியாளருக்காக அவர் வரைந்தது ‘கடைசி விருந்து’ என்ற சுவரோவியம். கடிதத்தில் கடைசியில் வைத்த திறமைதான் நிலைத்தது. என்றாலும், யாருக்கு எழுதுகிறோம் என்று அறிந்து வரிசைப்படுத்துவதற்கு இந்த வரைவு இன்றும் நல்ல முன்மாதிரி.

நல்கை தரும் அமைப்புகள் இப்போது எதிர்பார்ப்பதும் இதே வகைத் தெளிவைத்தான். 1954-இல் தொடங்கப்பட்ட லலித் கலா அகாதெமி ஆனாலும், பெங்களூரிலிருந்து இயங்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் ஆனாலும், விண்ணப்பதாரர் யாருக்கு எழுதுகிறார் என்பதை முதலில் படித்தறிய வேண்டும். அந்த அமைப்பு எதற்காக நிதி தருகிறது, இதற்கு முன் எந்த வகை வேலைகளுக்குத் தந்தது என்பது தெரியாமல் எழுதும் விண்ணப்பம் குறி தவறிவிடும். என்ன செய்யப் போகிறீர்கள், ஏன் இப்போது, ஏன் நீங்கள், எந்தெந்த மாதத்தில் என்னென்ன நடக்கும், எவ்வளவு செலவாகும், முடிவில் கையில் என்ன இருக்கும் என்ற ஆறு கேள்விகளுக்கும் நேரடியான பதில் இருக்க வேண்டும். பட்ஜெட் பக்கமும் எழுத்தின் ஒரு பகுதிதான். ‘பயணம்’ என்று மொத்தத் தொகை போடுவதைவிட, எந்த ஊருக்கு, எத்தனை முறை, எதற்காக என்று பிரித்துக் காட்டுவது, வேலையை முழுதாக யோசித்திருக்கிறார் என்பதற்குச் சான்று.

வடிவமைப்பாளரின் எழுத்து

வடிவமைப்பில் எழுத்து, வேலை தொடங்கும் முன்பே வந்துவிடுகிறது. கிளையன்ட் தரும் ப்ரீஃப் (தேவைக் குறிப்பு) பெரும்பாலும் வாய்மொழியாக, அரைகுறையாக இருக்கும். ‘கடைக்கு ஒரு லோகோ வேணும், மாடர்னா இருக்கணும்’ என்பதோடு நின்றுவிடும். அதைக் கேள்விகளால் விரித்து எழுதுவது வடிவமைப்பாளரின் முதல் வேலை. யார் வாங்க வருகிறார்கள், பெயர்ப்பலகை எவ்வளவு தூரத்திலிருந்து தெரிய வேண்டும், பில்லில் ஒரே நிறத்தில் அச்சாகுமா, தமிழ், ஆங்கிலம் இரண்டும் வருமா என்று கேட்டு எழுதிக்கொண்டால், ‘மாடர்ன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் கிளையன்ட் மனத்தில் இருந்தது என்னவென்று வெளியே வரும்.

கேள்விகளால் ஒரு பொருளைப் பார்ப்பதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இந்தியாவைப் பற்றியதே. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பில் நாட்டைச் சுற்றிப் பார்த்து, 1958-இல் ‘இந்தியா ரிப்போர்ட்’ என்ற அறிக்கையை அளித்தார்கள். 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாக அது வித்திட்டது. அறிக்கையில் அவர்கள் வட இந்திய வீடுகளின் லோட்டாவை, அதாவது நம் செம்பு போன்ற நீர்ப்பாத்திரத்தை, எடுத்துக்கொள்கிறார்கள். அதை இன்று புதிதாக வடிவமைக்க வேண்டியிருந்தால் என்னென்ன யோசிக்க வேண்டும் என்று அடுக்குகிறார்கள். எவ்வளவு நீர் பிடிக்க வேண்டும், தூக்குபவர் கை எவ்வளவு பெரியது, எவ்வளவு வலுவானது, தலையிலா இடுப்பிலா எடுத்துப் போகிறார்கள், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கிறது, ஊற்றும்போது நீர் எப்படி விழுகிறது, உட்புறம் தேய்க்க வருமா, சூடு கைக்கு வருமா, இன்னொரு பாத்திரத்தில் இடித்தால் என்ன ஒலி எழும், விலை என்ன, பழசான பிறகு உலோகத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேள்விகள் நீள்கின்றன.

அந்தப் பகுதியில் லோட்டாவின் அழகைப் பற்றிய வருணனை குறைவு, கேள்விகள்தான் அதிகம். கேள்விகளைப் படித்து முடிக்கும்போது, பல தலைமுறைகள் சேர்ந்து செதுக்கிய வடிவம் அது என்பது வாசகருக்கு விளங்கிவிடுகிறது. வடிவமைப்பாளர் தன் வேலையை விளக்கும் எந்த எழுத்துக்கும் இந்த முறை பொருந்தும்.

போர்ட்ஃபோலியோவில் வரும் கேஸ் ஸ்டடியை எழுதும்போது இது நேரடியாகவே உதவும். சிக்கல் என்ன, யாருக்கு, எந்தக் கட்டுப்பாட்டுக்குள் வேலை செய்ய வேண்டியிருந்தது, எந்தெந்த வழிகளை முயன்று கைவிட்டார்கள், இறுதி வடிவம் ஏன் இப்படி நின்றது, பயன்படுத்தியவர்கள் என்ன சொன்னார்கள் என்ற வரிசை போதும். இறுதிப் படங்களை மட்டும் அழகாக அடுக்கினால் கைத்திறன் தெரியும். கைவிட்ட வழிகளையும் காரணத்தோடு காட்டினால், முடிவெடுக்கும் திறனும் தெரியும். வேலைக்கு ஆள் எடுப்பவர் தேடுவது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். குழுவாகச் செய்த வேலையில் தன் பங்கு எது என்பதைத் தெளிவாகச் சொல்வதும் இதில் அடங்கும்.

பணம் தொடர்பான எழுத்தை வடிவமைப்பாளர்கள் பலர் தள்ளிப்போடுகிறார்கள். எத்தனை டிசைன் காட்டப்படும், எத்தனை முறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, கோப்புகள் எந்த வடிவத்தில் தரப்படும், உரிமை எப்போது கிளையன்ட்டுக்குப் போகும் என்பவற்றைத் தொடங்கும் முன்பே ஒரு மின்னஞ்சலில் எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டால், பின்னால் வரும் சச்சரவுகளில் பெரும்பாலானவை எழாமலே போகும்.

பொத்தானும் மாற்றுரையும்

இணையதளம், செயலி ஆகியவற்றில் எழுத்தும் வடிவமைப்பின் பகுதியே. உண்மையான உரை கிடைப்பதற்கு முன் இடத்தை நிரப்ப ‘லோரம் இப்சம்’ என்ற பொருளற்ற லத்தீன் உரையைப் போடுவது பழைய வழக்கம். சிசரோவின் தத்துவ நூல் ஒன்றின் பகுதியைச் சிதைத்துச் செய்தது அது. பக்கத்தின் தோற்றத்தைப் பார்க்க அது உதவும். ஆனால் தமிழுக்கு வரும்போது ஏமாற்றிவிடும். ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்தில் முடியும் சொல்லின் இடத்தில் ‘சமர்ப்பிக்கவும்’ வந்து நின்றால் பொத்தானைத் தாண்டி வழியும். மேலே ஏறும் கொக்கிகளும் கீழே இறங்கும் சுழிகளும் இருப்பதால் தமிழுக்கு வரிகளுக்கிடையே கூடுதல் இடைவெளியும் வேண்டும். எனவே தொடக்கத்திலிருந்தே உண்மையான தமிழ் உரையை வைத்து வடிவமைப்பதே சிக்கலைக் குறைக்கும். ‘சமர்ப்பிக்கவும்’ என்பதைவிட ‘அனுப்பு’ குறுகியது, பேச்சுக்கும் நெருக்கமானது.

பிழைச் செய்தி எழுதுவதிலும் இதே கவனம் வேண்டும். ‘தவறான உள்ளீடு’ என்பதைப் படித்தவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. ‘கைபேசி எண்ணில் 10 இலக்கங்கள் இருக்க வேண்டும், இதில் 9 இருக்கின்றன’ என்றால் அவரே திருத்திக்கொள்வார்.

பார்வையற்றவர்கள் ஸ்கிரீன் ரீடர் வழியாக இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள். படம் வரும் இடத்தில், அதற்காக எழுதப்பட்ட மாற்றுரையை அந்த மென்பொருள் படித்துச் சொல்லும். இணைய அணுகல்தன்மைக்கான உலகளாவிய வழிகாட்டி நெறிகளில் இந்த மாற்றுரை முதல் விதியாகவே இருக்கிறது. ‘படம் 3’ என்று எழுதினால் பயன் இல்லை. ‘மூன்று பெண்கள் உப்புப் பாத்தியில் குனிந்து நிற்கிறார்கள், முகம் தெரியவில்லை, நிழல்கள் நீளமாக வலப்பக்கம் விழுகின்றன’ என்று எழுதினால் படம் காதுக்கு வந்து சேரும். தன் படங்களுக்குத் தானே மாற்றுரை எழுதிப் பழகும் ஓவியருக்கு, மேலே சொன்ன விவரிக்கும் பயிற்சி தானாகவே கிடைத்துவிடும்.

எழுத்தே படைப்பாகும் இடம்

சில கலைஞர்களிடம் எழுத்து, படைப்பைச் சுற்றி நிற்பதை விட்டுப் படைப்பாகவே மாறியது. அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட் 1968 முதல் சுவரோவியங்களைச் செய்தார். அவற்றை அவரே வரைய வேண்டியதில்லை. அவர் எழுதித் தந்த கட்டளைகளைப் படித்து, மற்றவர்கள் சுவரில் வரைவார்கள். 1971-இல் அவர் எழுதிய ஒன்றின் சாரம் இதுதான்: சுவரில் கடினமான பென்சிலால் ஐம்பது புள்ளிகளை மனம்போனபடி, ஆனால் பரவலாக இட்டு, எல்லாவற்றையும் நேர்க்கோடுகளால் இணைக்க வேண்டும். ஐம்பது என்ற எண்ணிலும் நேர்க்கோடு என்பதிலும் விட்டுக்கொடுப்பு இல்லை. புள்ளி எங்கே விழும் என்பது வரைபவர் கையில். எதைக் கறாராகச் சொல்ல வேண்டும், எதைத் திறந்து விட வேண்டும் என்பதே அந்த எழுத்தின் நுட்பம். 2007-இல் அவர் இறந்த பிறகும், அமெரிக்காவின் மாஸ் மோகா அருங்காட்சியகத்தில் அவருடைய 105 சுவரோவியங்கள் இந்தக் கட்டளைகளைக் கொண்டு வரையப்பட்டன.

கொள்கை அறிக்கைகள் இன்னொரு வகை. பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் கென் கார்லண்ட் எழுதி 1964-இல் வெளியான ‘ஃபர்ஸ்ட் திங்ஸ் ஃபர்ஸ்ட்’, வடிவமைப்புத் திறமை விளம்பரங்களிலேயே கரைந்துபோவதை எதிர்த்தது. ஒரு பக்க அளவே உள்ள அந்த அறிக்கை, 1999-இல் புதுப்பித்து வெளியிடப்படும் அளவுக்கு நிலைத்தது. மட்டிஸ் 1908-இல் தன் ஓவிய முறையைப் பற்றி எழுதிய கட்டுரையும், கண்டின்ஸ்கி 1911-இல் வெளியிட்ட நூலும், விமர்சகர்களுக்காகக் காத்திருக்காமல் கலைஞர்களே தங்கள் பக்கத்தைச் சொன்ன முயற்சிகள்.

சென்னையிலும் இந்த மரபு உண்டு. கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று நடத்திய ஓவியர் சங்கம் 1961-இல் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கியது. ஐந்தாண்டுகளுக்குப் பிறகு அவர் வழிகாட்டலில் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானது. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்துவிட்டுச் சாந்திநிகேதனுக்குப் போன கே. ஜி. சுப்ரமணியன், ஓவியத்தோடு இந்தியக் கலை மரபைப் பற்றிய கட்டுரை நூல்களையும் எழுதினார். தாங்கள் செய்வதை வேறு யாரோ விளக்கட்டும் என்று இவர்கள் காத்திருக்கவில்லை.

திருத்துதல்

முதல் வரைவு யாருக்கும் சரியாக வருவதில்லை. பென்சிலால் கோடு போட்டு அழித்து மறுபடி போடுவதைத் தயங்காமல் செய்யும் ஓவியர், எழுத்தில் மட்டும் முதல் வரியே சரியாக வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. எழுதியதை ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டு, வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியம் நீண்டிருக்கிறது என்று பொருள். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகும் வாக்கியத்தில் யார் என்ன செய்தார் என்பது முடிவுவரை தெரியாது. அதை இரண்டாக உடைத்தால் தெளிவு வரும். ‘வரையப்பட்டுள்ளது’, ‘மேற்கொள்ளப்பட்டது’ என்பவற்றை ‘வரைந்தேன்’, ‘செய்தோம்’ என்று மாற்றிப் பார்க்கலாம். அழகான, ஆழமான, தனித்துவமான, புதுமையான என்ற சொற்களை அடித்துவிட்டு, அப்படி நினைக்க வைத்தது எது என்பதை அந்த இடத்தில் எழுதலாம்.

அடுத்து, துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்றே பதில் வரும். ‘இதைப் படித்ததும் கண் முன் என்ன தெரிகிறது?’ என்று கேட்டால், எழுத்து எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்யவில்லை என்பது தெரிந்துவிடும். பெயர், ஆண்டு, அளவு, விலை ஆகியவற்றைத் தனியாக ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இவற்றில் வரும் பிழைகள் கேட்லாக்கில் அச்சாகிவிட்டால், பிறகு மற்றவர்களும் அவற்றையே எடுத்தாள்வார்கள்.

பயிற்சிக்குத் தனிப் பாடத்திட்டம் வேண்டியதில்லை. முடித்த ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து வரி எழுதி, படத்தின் புகைப்படத்தோடு சேர்த்து வைத்தால் போதும். என்ன இருக்கிறது, எதைக் கொண்டு செய்தது, எது சரியாக வந்தது, எது வரவில்லை, அடுத்து என்ன முயல வேண்டும் என்பவை அந்த ஐந்து வரிகள். ஓராண்டு சேர்ந்தால், ஸ்டேட்மென்ட்டுக்கும் லேபிளுக்கும் விண்ணப்பத்துக்கும் வேண்டிய சரக்கு அதிலேயே இருக்கும்.